ஈரத்துணி போதாது

தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பான அலுவலர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை என் பட்டறைக்கு அலுவலர் ஒருவர் வந்திருந்தார். ஐ.டி.ஐ.யிலிருந்து என்னிடம் களப்பயிற்சிக்கு வந்திருக்கும் மூன்று பிள்ளைகளும் ஒழுங்காக வருகிறார்களா என்று பார்க்க வந்தவர். வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். பிள்ளைகளை ஒரு காரின் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். புறப்படும்போது அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஐயா, காருக்கு மேல்பூச்சாகக் கிளியர் கோட் அடிக்கிற நேரத்தில் போட்டுக்கொள்ள இவர்களுக்கு முகமூடி இல்லை. என்னிடம் இருப்பது ஒன்றுதான். பயிற்சி நிலையத்திலிருந்து இன்னொன்று கொடுத்தனுப்ப முடியுமா?" அவர் தட்டிக்கழிக்கவில்லை. அக்கறையோடுதான் பதில் சொன்னார். "கைக்குட்டையை ஈரமாக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் மேஸ்திரி, உள்ளே எதுவும் இறங்காது."

அலட்சியமாகச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேச்சில் இதுவும் ஒன்று என்று விட்டிருப்பேன். அக்கறையோடு சொன்னதால்தான் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தத் தொழிற்பயிற்சியைப் பார்வையிட அரசு அனுப்பிய ஒருவருக்கே, அந்தப் பிள்ளைகள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

எனவே கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஸ்ப்ரே கன்னை ஒரு பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன்னால், குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடியை அவன் முகத்தில் மாட்டுங்கள். பயிற்சி நிலையத்திலும் மாட்டுங்கள், நீங்கள் அனுப்பிவைக்கும் பட்டறையிலும் மாட்டுங்கள்.

பாடத்திட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி உடல் பழுதுபார்ப்பு ஓராண்டு, பெயிண்டிங் ஓராண்டு என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஆண்டுக்கு 150 மணி நேரம் வெளியில் களப்பயிற்சி என்ற விதியும் இருக்கிறது. அந்த 150 மணி நேரத்துக்குத்தான் பிள்ளைகள் எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு வருகிறார்கள். வரட்டும், வரவேண்டும். புத்தகத்தில் படித்து ஒடுக்கு எடுக்க முடியாது. தகட்டுக்குப் பின்னால் டாலி என்னும் இரும்புக் கட்டையை வைத்து முன்னால் சுத்தியலால் தட்டும்போது, டாலி மேல் நேராக விழுந்த அடிக்கு ஒரு கணீர் ஓசை, விலகி விழுந்த அடிக்கு ஒரு மந்த ஓசை. அந்த வித்தியாசம் காதில் ஏறுவதற்கே ஆறு மாதம் பிடிக்கும். அதிகமாகத் தட்டினால் தகடு விரிந்து போய்விடும். பிறகு சூடேற்றிச் சுருக்க வேண்டும். பட்டி போட்டு, எண்பதாம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக நைசான தாளுக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண் ஏமாறும், உள்ளங்கை ஏமாறாது. இதையெல்லாம் பட்டறையில்தான் கற்க முடியும். கற்றுக்கொடுக்க நான் தயார்.

பெயிண்டிங் கட்டத்துக்கு வரும்போதுதான் என் கை தயங்குகிறது.

நான் 1996இல் சென்னை புதுப்பேட்டையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. அந்தக் காலத்தில் எங்கள் கையில் இருந்தது பெரும்பாலும் என்.சி. என்கிற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட். தின்னர் ஆவியாகப் பறந்துபோனால் பெயிண்ட் காய்ந்துவிடும், அவ்வளவுதான். தின்னர் மூக்கைத் துளைக்கும், தலை சுற்றும், கண் எரியும். வெளியே வந்து காற்று வாங்கி, ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் தின்றால் நெஞ்சுக்குள் போனது வெளியேறிவிடும் என்று என் மேஸ்திரி சொல்வார். அது உண்மையா என்று யாரும் கேட்டதில்லை. கைக்குட்டை கட்டும் பழக்கமும் அங்கே வந்ததுதான். நாற்றம் இருந்தால் ஆபத்து, நாற்றம் குறைந்தால் ஆபத்து இல்லை. மூக்கை நம்பித் தொழில் செய்த தலைமுறை நாங்கள்.

இன்று அடிப்பது அந்தப் பெயிண்ட் அல்ல. பி.யு. என்கிற பாலியூரித்தேன் பெயிண்டும் கிளியர் கோட்டும் ஆவியாகிக் காய்பவை இல்லை. ஹார்டனரோடு சேர்ந்து வேதிவினை நடந்து இறுகுபவை. அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள். பளபளப்பையும் உறுதியையும் கொடுப்பது அதுதான். கன் வழியாகப் பொடிப்பொடித் துளிகளாகக் காற்றில் பறக்கும்போது நெஞ்சுக்குள் இறங்குவதும் அதுதான். மூச்சில் ஏறிக் கெடுதல் செய்யும் அளவில் அதற்கு மூக்கில் படும்படியான நாற்றம் கிடையாது. மூக்கு எச்சரிக்காது. கரி நிரப்பிய சாதாரண முகமூடியும் இதற்கு ஏற்றதில்லை, ஏனென்றால் கரி தீர்ந்து அது உள்ளே வரத் தொடங்கினாலும் போட்டிருப்பவனுக்குத் தெரியாது. கைக்குட்டையை ஈரமாக்கினால் என்ன, காயவிட்டால் என்ன? பிரிட்டன் அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்பு, இந்தப் பெயிண்டை அடிக்கும்போது காற்றுக்குழாய் முகமூடி கட்டாயம் என்றும், அடித்து முடித்த பிறகும் அறையில் உள்ள புகைமூட்டம் வெளியேறும் வரை அதைக் கழற்றக் கூடாது என்றும் சொல்கிறது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும், மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் வரிசையில் ஐசோசயனேட் நஞ்சு இருந்தது. ஆனால் மூன்று பேர் வேலை செய்யும் தகரக் கொட்டகை தொழிற்சாலை ஆகாது. எங்கள் பிள்ளைகளுக்கு வந்தால் அது நோய்ப் பட்டியலில் ஏறாது, நெஞ்சுச் சளி என்றே போகும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டேன், அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

2014இல் என்னிடம் ஒரு தம்பி வந்து சேர்ந்தான். பதினெட்டு வயது. பெயர் வேண்டாம், அவனுக்கு இப்போது குடும்பம் இருக்கிறது. என்னிடம் இதுவரை தொழில் கற்ற பதினொரு பேரில் அவனுக்கு இருந்த கை யாருக்கும் இல்லை. மெட்டாலிக் நிறத்தைப் பழைய பெயிண்டோடு இணைக்கும்போது, எங்கே புதியது தொடங்குகிறது என்று எனக்கே தெரியாதபடி அடிப்பான். மணிக்கட்டை வளைக்காமல், ஒரு சாண் தூரம் மாறாமல், ஓர் இழுப்பின் மேல் அடுத்தது பாதிக்குப் பாதி மேலேறி வரும்படி இழுப்பான். முதல் முறை அவன் அடித்த பானெட்டில் குழல்விளக்கின் பிம்பம் கோடு போட்டது போல் நேராக விழுந்ததைப் பார்த்து நான் அவனுக்குக் கன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

2018 கார்த்திகை வாக்கில் இருமல் தொடங்கியது. பகலில் இல்லை, இரவில். பனிக்காலம் என்றான். மனைவி தலையணையை மாற்றிப் பார்த்தாள், கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஐந்து நாள் இருந்தான், இருமல் இல்லை. திரும்பி வந்து இரண்டாம் நாளே வந்துவிட்டது. நானும் கவனிக்கவில்லை. வேலை செய்யும் நேரத்தில் நன்றாக இருப்பவனுக்கு வேலையால் நோய் வரும் என்று யாருக்குத் தோன்றும்? சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு நெஞ்சை இறுக்குவது ஐசோசயனேட்டால் வரும் இந்த ஆஸ்துமாவின் வழக்கம் என்று பின்னால்தான் அறிந்தேன்.

மாசி மாதம் ஒரு மாலை. வேன் ஒன்றுக்குக் கிளியர் கோட் அடித்து முடித்தான். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். கடை எங்கள் கொட்டகையிலிருந்து நாற்பது அடி. பாதி வழியில் நின்றான். மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். தோள் இரண்டும் மேலேறி, கழுத்துக் குழி உள்வாங்க, வாய் திறந்திருந்தும் காற்று உள்ளே போகவில்லை. அவன் கையில் வெள்ளிப் பெயிண்ட் படிந்திருந்தது. கம்பத்தில் அந்த ஐந்து விரல்களும் பதிந்ததை மறுநாள் காலையில் பார்த்தேன். மழை வந்து அழியும் வரை அங்கேயே இருந்தது.

பிழைத்துக்கொண்டான். மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, இனி இவன் இந்தப் பெயிண்டுக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது என்றார். உடம்பு ஒரு முறை அதை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டால், பிறகு துளியூண்டு போதுமாம். இன்று அவன் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி ஓட்டுகிறான். எப்போதாவது என் பட்டறை வழியாக வந்தால், கன்னுக்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரெசர் ஓடுகிறதா என்று சாலையின் அந்தப் பக்கத்திலேயே நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். வந்தால் கை சும்மா இருக்காது. சென்ற வாரம் பட்டி தேய்த்து வைத்திருந்த ஒரு மட்கார்டைத் தடவிவிட்டு, "அண்ணா, இந்த இடத்தில் முடியளவு ஏற்றம் இருக்கிறது" என்றான். நான் தடவிப் பார்த்தேன். இருந்தது. பிறகு மணியைப் பார்த்தான். நீங்கள் கன் எடுப்பதற்குள் போய்விடுகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

அந்த வருடம்தான் நான் காற்றுக்குழாய் முகமூடி வாங்கினேன். கம்ப்ரெசர் காற்றிலிருந்து எண்ணெயையும் ஈரத்தையும் வடிகட்டும் பாத்திரம், ஒரு குழாய், முகத்தை முழுதாக மூடும் கவசம். ஒரு காருக்கு முழுமையாகப் பெயிண்ட் அடிக்க ஆகும் பணத்துக்குள் முடிந்துவிட்டது. அதை முன்பே வாங்காத குற்றம் என்னுடையது. அதை நான் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். உங்கள் தலையில் போடுவதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் இப்போது வந்திருக்கும் மூன்று பிள்ளைகளில் ஒருவனிடம், பயிற்சி நிலையத்தில் என்ன முகமூடி போட்டு அடித்தாய் என்று கேட்டேன். "அங்கே தண்ணீர்தான் அடித்தோம் அண்ணா. தேர்வுக்கு முன்னால் ஒரு நாள் மட்டும் பெயிண்ட் கொடுத்தார்கள்" என்றான். ஒரே பழைய பம்பரின் மேல் முப்பது பிள்ளைகள் தண்ணீரை அடித்துக் கற்றிருக்கிறார்கள். தண்ணீருக்கு முகமூடி தேவையில்லை. அதனால் முகமூடி என்ற ஒன்று தேவை என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. உண்மையான பெயிண்டை முதன்முதலாக அவர்கள் சந்திப்பது என் கொட்டகையில். அப்போது அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டியது, கொரோனா காலத்து நீலத் துணி முகமூடி. நான் அவன் கையிலிருந்து கன்னை வாங்கிக் கீழே வைத்தேன்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் தொழில் 4.0 என்னும் நவீனத் தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தியது நல்ல காரியம். ரோபோவும் கணினி இயந்திரமும் நம் பிள்ளைகள் கைக்கு வரவேண்டும், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்திலும், நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிப் பட்டறைகளிலும், ஒவ்வொரு ஊரின் புறவழிச்சாலையிலும் இன்றைக்கும் மனிதன்தான் கன் பிடிக்கிறான். படிப்பு ஏறவில்லை, டிங்கரிங் கடையில் விடு என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர்கள். தண்டனையாக அனுப்பப்பட்ட இடத்தில் தானாகவே ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு நிற்பவர்கள். விபத்தில் நசுங்கிய வண்டியைப் புதிது போல் திருப்பிக் கொடுத்தால் காப்பீட்டுக்காரர் கூலியில் குறைக்கிறார், வண்டிக்காரர் இன்னும் கொஞ்சம் குறைக்கிறார். பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கென்று நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவனுக்கு உதவியும் கிடைக்கிறது. நுரையீரல் போன பிறகு கிடைக்கும் உதவித்தொகையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? இதைக் கேட்கும்போது என் குரல் உயர்கிறது. மன்னியுங்கள்.

மறுபடியும் பணிவாகவே கேட்டுக்கொள்கிறேன். பெயிண்டிங் பிரிவு நடக்கும் ஒவ்வொரு பயிற்சி நிலையத்துக்கும் காற்றுக்குழாய் முகமூடிகள் வேண்டும். முப்பது பிள்ளைகளுக்கு முப்பது வேண்டாம். ஒரே நேரத்தில் எத்தனை கன் ஓடுகிறதோ அத்தனை போதும். களப்பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது முகமூடியோடு அனுப்புங்கள், 150 மணி நேரம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். முகமூடியைச் சரியாக மாட்டுவதையும், வடிகட்டியைப் பார்ப்பதையும், கம்ப்ரெசரின் காற்று உறிஞ்சும் வாயைப் பெயிண்ட் மூட்டத்துக்கு வெளியே வைப்பதையும் செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணுக்கு உரியதாக்குங்கள். மதிப்பெண் இருந்தால்தான் சொல்லிக்கொடுப்பார்கள். பயிற்சியில் சேரும்போதும் முடிக்கும்போதும் அரசு மருத்துவமனையில் ஒரு முறை நுரையீரல் ஊதல் சோதனை செய்யுங்கள். ஆய்வுக்கு வரும் அலுவலர்களுக்கு, ஈரத்துணி இதைத் தடுக்காது என்பதை மட்டும் தயவுசெய்து ஒரு சுற்றறிக்கையில் எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும்.

இப்போது என்னிடம் இருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஒடுக்கு எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பட்டி போடவும், உப்புத்தாள் பிடிக்கவும், நிறம் கலக்கவும் கற்கிறார்கள். கன் பிடிக்க, முகமூடி ஒன்று என்பதால் ஒரு நேரத்தில் ஒருவன். மற்ற இருவரும் சாலையின் அந்தப் பக்கம், டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் 150 மணி நேரத்துக்குள் அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய கைப்பழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். வருகைப் படிவத்தில் "ஸ்ப்ரே பெயிண்டிங் பயிற்சி நிறைவு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. மற்றக் கட்டங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதில் போடவில்லை. இரண்டாவது முகமூடி வந்து சேரும் நாளில் போடுகிறேன்.

பணிவுடன்,
ஒரு பெயிண்டிங் பட்டறை மேஸ்திரி