மலைப் பெயர்களைச் சொல்லித் தந்தவர்களுக்கு நன்றி

எங்கள் தேவாலயப் பங்கைச் சுற்றியுள்ள மலைகளின் பெயர்களை எழுதி வைக்கும் வேலை நல்லபடியாக முடிந்தது. வரைபடமும் பெயர்ப் பட்டியலும் இப்போது பங்கு அலுவலகத்தில் இருக்கின்றன. கைகொடுத்த எல்லோருக்கும் எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி ஆடு மேய்ப்பவர்களுக்கு. அச்சிட்ட வரைபடத்தில் உச்சியின் பெயரும் உயரமும் இருக்கும், அவ்வளவுதான். 1:50,000 அளவில் அரை கிலோமீட்டர் தூரம் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பாறை, சுனை, சரிவு, மழைக்கு மந்தை ஒதுங்கும் குகை இவற்றின் பெயருக்கெல்லாம் அங்கே ஏது இடம்? அவை இவர்கள் வாயில்தான் இருந்தன. வீட்டில் வைத்துக் கேட்டபோது நாலைந்துக்கு மேல் நினைவுக்கு வராத பெரியவர் ஒருவர், ஒற்றையடிப் பாதையில் ஏறத் தொடங்கியதும் கைத்தடியை நீட்டி நீட்டி வளைவுக்கு ஒரு பெயர் சொன்னார். மூச்சு வாங்கியபோதும் நிறுத்தவில்லை. ஐயா, ஒலிப்பதிவில் உங்கள் கைத்தடிச் சத்தமும் சேர்ந்தே கேட்கிறது. அதை வெட்டாமல் வைத்திருக்கிறோம்.

மலையின் பின்பக்கப் பெயர்கள் முழுக்க, விறகுக்குப் போய்வந்த அம்மாக்கள் தந்தவை.

புவியியல் பெயர்கள் பற்றி 1967-இல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. முதல் மாநாடு, ஒவ்வொரு பெயருக்கும் உள்ளூரில் குறைந்தது இரண்டு இடத்திலாவது விசாரிக்கச் சொல்கிறது. நாங்களும் அப்படியே செய்தோம். ஒருவர் சொன்னதையே இன்னொருவரிடம் போய்க் கேட்டுத் தொல்லை கொடுத்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. “இல்லையே, அது பக்கத்துக் குன்று” என்று மறுத்தவர்களுக்குத் தனி நன்றி. நீங்கள் இல்லாவிட்டால் சில பெயர்கள் இடம் மாறியே அச்சேறியிருக்கும். கிழக்கே ஒரு பெயரும் மேற்கே இன்னொரு பெயருமாக வழங்கும் குன்றுக்கு இரண்டையும் எழுதியிருக்கிறோம். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார்?

பங்குத்தந்தை பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைத் திறந்து காட்டினார். குடும்பங்கள் வசித்த இடமாக அடிவாரப் பெயர்கள் சில அவற்றில் இருந்தன. இன்று அங்கே ஒரு வீடுகூட இல்லை. அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது கண் கலங்கியது.

அப்புறம், ஓய்வுபெற்ற நில அளவையாளர். செங்குத்துப் பாறையை ஒட்டி நின்றால் சமிக்ஞை பட்டுத் தெறித்து ஜிபிஎஸ் இடம் தவறும், சற்று விலகி வெட்டவெளியில் நின்று குறியுங்கள் என்று சொல்லித் தந்தவர் அவர். ஒலிப்பதிவுகளைக் கேட்டு, உச்சரிப்பைத் திருத்தாமல் சொன்னது சொன்னபடியே எழுதிய மாணவர்களுக்கும் நன்றி.

பெயர் சொன்னவர்களில் சிலர் வரைபடத்தைப் பார்க்க இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் குரலைப் பாதுகாக்க அனுமதி தந்த குடும்பத்தாருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

விடுபட்ட பெயர் ஏதாவது நினைவுக்கு வந்தால் ஞாயிறு பூசைக்குப் பிறகு அலுவலகத்தில் சொல்லுங்கள். அடுத்த பிரதியில் சேர்த்துவிடுகிறோம்.