கைவினைச் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அக்காவுக்கும், பொருளாளருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான அறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் வாசிக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் 11 நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையால் நின்றது. மே விடுமுறையில் பிள்ளைகளுக்குக் களிமண், காகிதப் பூ வகுப்பு மூன்று நாள் நடந்தது. மார்கழிக் கோலப் போட்டி வழக்கம் போல் நடந்தது. ஜனவரியில் சித்தன்னவாசல் குகைக் கோயிலுக்குப் போய் வந்தோம்.

இனி பெயின்ட் விஷயம். "ஒரே வகை வாங்கினால் போதாதா, இத்தனை டப்பா எதற்கு?" என்று போன பொதுக்குழுவில் கேட்டார்கள். அன்று என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறேன்.

போன ஆண்டு நாம் விற்ற பூந்தொட்டிகளில் 11 தொட்டிகள் இரண்டு மாதத்துக்குள் திரும்பி வந்தன. வாங்கியவர்கள் கோபமாகப் பேசவில்லை, என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அதில் ஒன்றில் மயில் வரைந்திருந்தோம். பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி நின்றது. நகம் பட்டதும் மயிலின் கழுத்து அப்படியே உரிந்து என் கையில் வந்துவிட்டது. அடியில் திருநீறு பூசியது போல வெள்ளைப் பொடி. வரைந்தவர்கள் மேல் தவறே இல்லை. சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சும். உள்ளே ஊற்றும் தண்ணீர் மண்ணிலும் உரத்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கி பெயின்டைத் தள்ளும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்டும் இதற்குத் தாங்காது. அதனால் இந்த ஆண்டு செடியைச் சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அதை நம் மண் தொட்டிக்குள் இறக்கிக் கொடுத்தோம். 26 விற்றன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அப்புறம்தான் எல்லாப் பெயின்டையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. ஒரு பிளைவுட் பலகையில் 12 கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாகத் தீட்டினேன். ஒவ்வொன்றிலும் பாதியை அட்டையால் மூடி, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தேன். முதலில் போனது பீட்ரூட் சாறு. மஞ்சள் தோய்த்த துணி அடுத்தது. பத்தே நாளில் மூடிய பாதி கல்யாணப் பத்திரிகை மாதிரி பளிச்சென்று இருக்க, திறந்த பாதி பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. போஸ்டர் கலரில் ரோஸ் வெளுத்தது. ஒரு சாயங்கால மழைத் துளியில் மற்ற போஸ்டர் நிறங்களும் வழிந்து ஓடின. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரைவது அதன் குணம். அக்ரிலிக் அப்படியில்லை. தண்ணீர் போனதும் அதிலுள்ள பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தோலாகிவிடும், அப்புறம் தண்ணீர் அதை அசைக்காது. பிசினில் குழைத்த செங்காவியும் விளக்குக் கரியும் நிறம் மாறவே இல்லை. ஆனால் பிசின் நனைந்தால் கையில் ஒட்டுகிறது. ஆக நிறம் நிற்பது வேறு, பிடிப்பு நிற்பது வேறு. அதனால்தான் ஒரே வகை போதாது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு கோடை ஆயிற்று.

சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக் குளத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வந்தது. 9-ஆம் நூற்றாண்டு ஓவியம் என்கிறார்கள். நிறைய உதிர்ந்துவிட்டது. ஆனால் மிச்சமிருக்கும் காவி இன்னும் காவியாகவே இருக்கிறது. மண்ணிலிருந்து எடுத்த நிறம் அல்லவா!

மஞ்சள் சாயத்தில் குஷன் உறை செய்த நம் உறுப்பினர் ஒருவர், அதைப் பார் சோப்பில் துவைத்ததும் சிவப்புத் திட்டு விழுந்ததாக அழாத குறையாகச் சொன்னார். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதே காரணம்தான். சோப்பிலும் காரம் இருக்கிறது. துவைக்கிற துணிக்கு மஞ்சள் வேண்டாம்.

புரட்டாசியில் பழைய கொலு பொம்மைகளுக்கு வண்ணம் அடிக்கும் பயிற்சி வைத்தோம். பழைய பொம்மைகளில் பெரும்பாலும் எனாமல் என்ற பளபளப்பான எண்ணெய் பெயின்ட் இருக்கும். அதன்மேல் நேராக அக்ரிலிக் அடித்தால் பிடிக்காது, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, பிறகுதான் நிறம். தேய்க்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பாட்டி காலத்துச் செட்டியார் பொம்மையில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வாசல் பக்கம் உட்கார்ந்து, மாஸ்க் போட்டு, தூசியை ஈரத்துணியால் துடைத்தபடி செய்யுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

இந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். வந்தவர்கள் 7 பேர். 22 பேருக்கும் பிரஷ்ஷும் பிரைமரும் வாங்கி வைத்திருந்தோம். வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும், எனக்கும் இருக்கிறது. வர முடியாவிட்டால் முந்தின நாள் ஒரு போன் செய்திருந்தால் பாதிப் பொருளை வாங்காமல் இருந்திருப்பேன். சங்கத்து பிரஷ்களை வீட்டுக்கு எடுத்துப் போனவர்களில் சிலர் கழுவாமல் திருப்பிக் கொடுத்தார்கள். அக்ரிலிக் காய்ந்த பிரஷ் குச்சிதான், வேறொன்றுக்கும் ஆகாது. எட்டு பிரஷ் அப்படிப் போயிற்று.

மாதச் சந்தா 50 ரூபாய். மொத்தம் 34 உறுப்பினர்களில் 15 பேர் ஆறு மாதத்துக்கு மேல் கட்டவில்லை. பெயர்களைப் படிக்கப் போவதில்லை. கஷ்டம் என்றால் என்னிடமோ தலைவர் அக்காவிடமோ தனியாகச் சொல்லுங்கள், யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம். ஒன்றும் சொல்லாமல் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. தொட்டி விற்ற பணம் இல்லாவிட்டால் கை கடித்திருக்கும். கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது, விவரம் பொருளாளரின் நோட்டில் உள்ளது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சோதனைப் பலகைக்கான செலவைச் சங்கக் கணக்கில் நான் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்துக்கு இடம் கொடுத்த தலைவர் அக்காவுக்கும், கணக்கு பார்த்த பொருளாளருக்கும், சித்தன்னவாசலுக்கு வேன் ஏற்பாடு செய்தவர்களுக்கும், மாதம் தவறாமல் காபி கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் துணிப் பெயின்டையும் மரப் பொம்மைகளையும் இதே போல் சோதித்துப் பார்க்க ஆசை. தனியாளாக இன்னொரு கோடை என்னால் முடியாது. பலகையை வெயிலில் வைக்கவும், மழை வந்தால் எடுக்கவும் இரண்டு பேராவது வேண்டும். செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்பதாக இருந்தாலும் சந்தோஷமாக ஒப்படைப்பேன், பலகையோடு சேர்த்து. அடுத்த கூட்டம் முதல் சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு. ரசீதுப் புத்தகம் என் கையில் இருக்கும்.