அக்கம்பக்கத்தையும் வாங்குகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும் பணக்காரர்களின் ஆடம்பரம் என்றாலே கைக்கடிகாரம், கார், கைப்பை என்று படம் போட்டு விலை எழுதுவதோடு பத்திரிகைகள் நிறுத்திக்கொள்கின்றன. அதெல்லாம் பணக்காரராகத் தெரிய ஆசைப்படுகிறவர் கடன் வாங்கியாவது வாங்கிவிடக்கூடிய சாமான்கள். உச்சத்தில் இருப்பவர்கள் தேடுவது, அடுத்தவர் கண்ணில் படாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் இருக்கிற வசதி.

ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் 2013இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் தன் வீட்டை ஒட்டியிருந்த நான்கு வீடுகளை 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். அதில் ஒன்றை யாரோ வாங்கி, சக்கர்பெர்க் பக்கத்து வீடு என்று விளம்பரம் செய்து விற்கப் பார்த்தார்களாம், அதுதான் காரணம் என்று அப்போது செய்தி வந்தது. ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கே வாடகைக்கு விட்டார், சரி, யாரையும் துரத்தவில்லை.

ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி எலிசன் கதை இதைவிடப் பெரிது. 2012இல் ஹவாயின் லனாய் தீவில் 98 சதவீதத்தை வாங்கினார். அங்கே சுமார் 3,000 பேர் வாழ்கிறார்கள். வேலை தரும் பெரிய ஹோட்டல்கள் அவருடையவை, குடியிருக்கும் வீடுகளில் பலவும் அவருடையவை. முதலாளியோடு மனஸ்தாபம் வந்து வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், வீட்டுக்காரரும் அவராகவே இருப்பார்! அவருக்கு முன்பும் தீவு ஒரே கைக்குள்தான் இருந்தது என்பது உண்மை. 1922இல் ஜேம்ஸ் டோல் என்ற தொழிலதிபர் அன்னாசி போடுவதற்காக வாங்கினார். ஆனால் அது பிழைப்புக்கான தோட்டம், லாபம் இல்லையென்றால் மூட வேண்டியதுதான். எலிசனுக்கு அந்தக் கட்டாயம்கூடக் கிடையாது, நஷ்டம் வந்தாலும் தாங்கும்.

எல்லா இடத்திலும் இந்தப் பணபலம் செல்லுபடியாகிவிடவில்லை என்பது ஓர் ஆறுதல். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் 127 மீட்டர் பாய்மரக் கப்பல் பாய்மரம் இடிக்காமல் கடலுக்குப் போக, நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 1927இல் கட்டிய பாலத்தின் நடுப்பகுதியைக் கழற்றி மாட்டலாம் என்று 2022இல் பேச்சு வந்தது, செலவைக் கப்பல் தரப்பே ஏற்பதாகவும் சொன்னார்கள். கப்பல் போகும்போது அழுகிய முட்டை வீசுவோம் என்று ஊர்க்காரர்கள் கிளம்பினார்கள். கடைசியில் கப்பல் கட்டிய நிறுவனம் பின்வாங்கி, பாய்மரம் பொருத்தாமலே வேறு வழியாக இழுத்துப்போனது.

அதனால் ஆசிரியரே, அடுத்த முறை இவர்கள் எதையாவது வாங்கினார்கள் என்று எழுதும்போது, விலையோடு சேர்த்து, அந்த இடத்தில் யார் இருந்தார்கள், இப்போது யாருக்கு வாடகை கட்டுகிறார்கள் என்பதையும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்