பேத்தியின் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் இறங்கி வந்தபோது, சுவர் விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படித்த என் ஏழு வயதுப் பேத்தி, "தாத்தா, எய்ட்ஸ்னா என்ன?" என்று உரக்கக் கேட்டாள், முன்னிருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவே, கொண்டை ஊசி வளைவைக் காட்டி நான் பேச்சை மாற்றியது இன்னும் உறுத்துகிறது.

அந்த வயதுக்கு முழு விளக்கமும் தேவையில்லை. எச்.ஐ.வி. என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் கிருமி, சிகிச்சையின்றி முற்றிய நிலையே எய்ட்ஸ், சேர்ந்து விளையாடுவதாலோ ஒரே தட்டில் உண்பதாலோ கொசுக்கடியாலோ அது தொற்றாது, கீழே கிடக்கும் ஊசியைத் தொடாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்ற அளவே போதும். தாயிடமிருந்து தொற்றைப் பெற்ற குழந்தைகள் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு மற்றவர்களைப் போலவே பள்ளிக்குச் செல்கிறார்கள். அவர்களைப் பாகுபடுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும், சத்துணவுப் பந்தியில் சற்றே நகர்ந்து உட்காரும் பிள்ளையைச் சட்டம் என்ன செய்யும்? அந்த நகர்தலை அது கற்றது நம் கிசுகிசுப்பிலிருந்துதான்.

சேலம் மாவட்டப் பள்ளிகள் தங்கள் பெற்றோர் கூட்டங்களுக்கு அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் வழங்கும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர்களை அழைத்து, இதைப் பேசுவதற்கான சொற்களை முதலில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்குக் கற்றுத்தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஏற்காடு