காப்பகம் மூடிய பிறகு பிள்ளையை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகும் ஒரு தாய்க்கு நாள் கூலி 500 ரூபாய், மாதம் 20 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 10,000. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளத் தனியார் காப்பகம் மாதம் 3,000 கேட்டால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். மழையில் வேலை நின்றாலும் மாதக் கட்டணம் நிற்பதில்லை.

50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. மேஸ்திரியிடம் பத்துப் பேராக வேலை செய்யும் சித்தாளுக்கும், வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும் அது எட்டவில்லை.

மத்திய அரசின் பால்னா காப்பகம் 6 மாதக் குழந்தையையும் சேர்த்துக்கொள்கிறது, நல்ல திட்டம். ஆனால் நாளுக்கு ஏழரை மணி நேரம்தான். காலை 7 மணிக்குக் கிளம்பும் சித்தாள் வீடு திரும்ப மாலை 6 ஆகும். மிச்ச மூன்றரை மணி நேரம் பெரும்பாலும் மூத்த பெண் பிள்ளை தலையில்தான் விழுகிறது. அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

25 குழந்தைக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்பதும் போதாது. ஒருவர் பால் கலக்க, இன்னொருவர் ஈரத்துணி மாற்ற, தவழும் பிள்ளை வாசற்படிக்குப் போய்விடும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய நிதியிலிருந்து மூன்றாவது ஆளை நியமித்து, காலை 7 முதல் மாலை 6.30 வரை முறை வைத்துத் திறந்திருக்கச் செய்ய வேண்டும்.