‘மற்றும் தாய்மார்கள்’ என்று அச்சடித்த விழாக் குழுவினருக்கு

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். ஆடித் திருவிழா நோட்டீஸ் நேற்று எங்கள் வீட்டுக் கதவு இடுக்கில் செருகியிருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர், துணைத் தலைவர்கள் நால்வர், ஆலோசகர்கள், மைக் செட் உபயம், சாமியானா உபயம். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு பெயர். அத்தனையும் ஆண்கள். கடைசி வரியில், அச்சகத்தின் போன் நம்பருக்கு மேலே, ‘மற்றும் தாய்மார்கள்’.

அந்த ‘மற்றும்’தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

உங்களில் பலர் பிறப்பதற்கு முன்னால், நம் அம்மன் வேப்பமரத்தடியில் ஒரு செங்கல். அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து விளக்கேற்றியவர், தெருமுனையில் ஆப்பம் சுட்டு விற்ற ஒரு கிழவி. தண்டையார்பேட்டையில் யார் வீட்டில் அம்மை போட்டாலும் வேப்பிலை அங்கிருந்துதான் போகும். பூசாரி கிடையாது. எவளுக்கு மனசு வந்ததோ அவள் கற்பூரம் காட்டினாள். அப்புறம் தகரக் கூரை வந்தது, அதுவும் பெண்கள் சீட்டுப் பிடித்த காசில். அப்புறம் சிமென்ட் தளம், கிரில் கேட், உண்டியல். உண்டியலுக்குப் பூட்டு வாங்கின அன்றைக்குத்தான் ‘குழு’ என்று ஒன்று முளைத்தது என்பார் என் மாமியார். சாவி யாரிடம் இருப்பது என்ற கேள்வி அப்போதுதானே வரும்.

முப்பத்தோரு வருஷம் மாநகராட்சிப் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். செயலாளர் தம்பிக்குத் தெரியும், எட்டாம் வகுப்பில் என்னிடம்தான் படித்தார். புரட்சிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செங்கல் ஞாபகம் வரும். 1789 அக்டோபரில் பாரீஸ் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் அரண்மனை வரை மழையில் நடந்து போய், ராஜாவையே நகரத்துக்கு அழைத்து வந்தார்கள். நாலு வருஷம் கழித்து, 1793இல், அதே புரட்சி அரசு பெண்கள் சங்கங்களைத் தடை செய்தது. ஈரானில் மன்னராட்சியை எதிர்த்துப் பெண்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். 1979 பிப்ரவரியில் ஆட்சி மாறியது. மார்ச் 8ஆம் தேதி அதே பெண்கள் மறுபடி டெஹ்ரான் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. இந்த முறை, தலையை மூடித்தான் வேலைக்கு வர வேண்டும் என்று புதிய ஆட்சி சொன்னதை எதிர்த்து. ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, பூட்டு வந்துவிட்டது.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்பீர்கள். சரி, வால்டாக்ஸ் சாலைக்கு வாருங்கள், நம் தெருவிலிருந்து ஒரு பஸ் தூரம். அங்கே ஒற்றைவாடை அரங்கம் என்று ஒன்று இருந்தது. 1938 நவம்பர் 13ஆம் தேதி அங்கே தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. தலைமை நீலாம்பிகை அம்மையார், மறைமலை அடிகளின் மகள். ஈ.வெ.ரா.வை இனிப் ‘பெரியார்’ என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது அந்த மாநாடுதான். மறுநாளே டாக்டர் தருமாம்பாளும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இன்னும் சில பெண்களும் இந்தி எதிர்ப்பு மறியல் செய்து கைதானார்கள். கைக்குழந்தையோடு ஜெயிலுக்குப் போன தாய்மாரும் உண்டு. இன்றைக்குப் பட்டத்தைத் தெரியாத ஆள் தமிழ்நாட்டில் இல்லை. பட்டம் கொடுத்தது யார் என்று நம் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

இராமாமிர்தம் அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்து பார்த்தவர், அதை ஒழிக்க ஊர் ஊராகப் பேசியவர். அதே 1938இல், ஐம்பத்தைந்து வயதில், இந்தியை எதிர்த்து உறையூரிலிருந்து சென்னைக்கு நடந்தே வந்த படையில் வந்தார். அரசின் கல்யாண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் வைத்திருந்ததால், அப்படிப்பட்டவரின் பெயரை நம் வீட்டுப் பெண்கள் ரொம்ப நாள் ‘கல்யாணப் பணத் திட்டம்’ என்றுதான் தெரிந்து வைத்திருந்தார்கள். 2022இல் அது அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாறியது. அம்மையார் இருந்திருந்தால் முந்தையதைவிட இதைத்தான் விரும்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன மாதம் குழுவில் பெண்களும் வேண்டும் என்று பேச வந்தபோது பொருளாளர் அண்ணன் சொன்னார்: “அதெல்லாம் அரசியல், மிஸ். சாமி காரியம் வேற.” வேறா? அறநிலையத் துறைச் சட்டம் 47ஆம் பிரிவைப் பாருங்கள். துறையின் கீழுள்ள கோயிலுக்கு அறங்காவலர் குழு அமைத்தால் அதில் ஒரு பெண் இருந்தாக வேண்டும். நம் தெருக் கோயில் துறையின் கீழ் இல்லை, அதனால் கட்டாயமில்லை. கட்டாயம் இருந்தால்தான் செய்வோம் என்றால் அதையும் மைக்கிலேயே சொல்லிவிடுங்கள். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் 2021 முதல் ஒரு பெண் ஓதுவார் தேவாரம் பாடுகிறார். சிவன் ஒன்றும் எழுந்து போய்விடவில்லை.

இன்னும் கிட்டத்தில் ஒன்று. வருஷா வருஷம் சிவப்புப் புடவை கட்டி, இருமுடி தூக்கி, நம் தெருவிலிருந்தே வேன் வைத்து மேல்மருவத்தூர் போகிறார்கள். அங்கே பெண்கள் கருவறைக்குள் போய்த் தங்கள் கையாலேயே அபிஷேகம் செய்யலாம். மாதவிலக்கு நாள் என்று யாரும் நிறுத்துவதில்லை. (தலைமைப் பீடத்தில் இருந்தவர் ஆண்தான், அது தனிக் கதை.) திங்கட்கிழமை அங்கே அம்மனைத் தொட்டுக் கும்பிட்டவள், வெள்ளிக்கிழமை நம் கோயில் கிரில் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். இடையில் அவளுக்கு எங்கே தீட்டு ஒட்டியது? செங்கல்பட்டு டோல்கேட்டிலா?

நோட்டீஸில் கோலப் போட்டி என்றும் இருக்கிறது, ‘மகளிருக்கு மட்டும்’. பரிசு எவர்சில்வர் குடம். 2019 டிசம்பரில் பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த சில நாளில் எத்தனையோ வீட்டு வாசலில் அதே கோலம். ஒன்றரை மாதம் கழித்து, பக்கத்தில் பழைய வண்ணாரப்பேட்டையில், அதே சட்டத்தை எதிர்த்து, பர்தா போட்ட பெண்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பகலாக உட்கார்ந்தார்கள். கொரோனா வந்துதான் எழுந்தார்கள். மாவும் புள்ளியும் எவ்வளவு தூரம் போகும் என்று போலீஸுக்குத் தெரிந்திருக்கிறது, நம் விழாக் குழுவுக்குத் தெரியவில்லை.

உங்களை மட்டும் குறை சொன்னால் அது நியாயமில்லை. மைக் பர்மிஷனுக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்பதும், கரண்ட் கனெக்‌ஷனுக்கு அலைவதும் நீங்கள்தான். நாங்களும் ஒன்றும் உத்தமிகள் இல்லை. தாலி இல்லாதவள் பால்குடம் எடுக்கக் கூடாது என்று ஒரு வருஷம் வரிசையிலிருந்து ஒருத்தியை விலக்கி நிறுத்தியது பெண்கள்தான். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் இன்றுவரை கோயில் பக்கம் வரவில்லை.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். “உங்களுக்கு எதுக்குக்கா அந்த டென்ஷன்” என்று ஒரு தம்பி அன்பாகத்தான் கேட்டார். இந்தத் தெருவில் மூன்று சுயஉதவிக் குழு இருக்கிறது தம்பி. மாதாமாதம் சேமிப்பு, கடன், வட்டி, வங்கித் தவணை எல்லாம் நோட்டில் எழுதி, பத்துப் பேர் முன்னால் வாசித்து, கையெழுத்து வாங்குகிறார்கள். கோயில் கணக்கை நீங்கள் கடைசியாகத் தெருவில் வாசித்தது எந்த ஆடி?

வசூலும் நாங்கள்தான் போகிறோம். சனிக்கிழமை சாயங்காலமே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, விடியற்காலை மூன்று மணிக்கு நொய் வேகவைத்து, கூழ் காய்ச்சி, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் செய்வது நாங்கள். கூழ் ஊற்றும்போது போட்டோவுக்குக் கரண்டி பிடிப்பது யார் என்று போன வருஷ பேனரில் இருக்கிறது.

கேட்பது மூன்றுதான். குழுவில் பாதிப் பேர் பெண்கள். மாநகராட்சி வார்டிலேயே பாதி எங்களுக்கு வந்தாகிவிட்டது, ஒரு தெருக் கோயிலுக்கு என்ன வந்தது. உண்டியலுக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி எங்களிடம். ஆடி முடிந்த முதல் ஞாயிறு, வேப்பமரத்தடியில், எல்லோர் முன்னாலும் வரவு செலவு வாசிப்பு.

நோட்டீஸை மாற்றி அச்சடிக்கக் காசில்லை என்றால் பரவாயில்லை, இந்த வருஷம் அப்படியே போகட்டும். வசூல் ரசீதுப் புத்தகம் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. அடிக்கட்டையெல்லாம் கூட்டிச் சரிபார்த்து வைத்துவிட்டேன். குழுக் கூட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்புங்கள், நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தெருவின் வரலாற்று மிஸ்