மதுவிலக்குப் பழி பெண்கள் தலையிலா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில், அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்துக் கதையான 'போர்ட்வாக் எம்பயர்' டிவி தொடரைப் பற்றி வந்த கட்டுரையில், "வேலைவெட்டி இல்லாத சில பெண்களின் பிடிவாதத்தால் வந்த மதுவிலக்கு, அமெரிக்காவையே ரவுடிகள் கையில் கொடுத்தது" என்று ஒரு வரி இருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்று உங்களுக்குத் தெரியாததா? 1917-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில், மதுவிலக்கைக் கொண்டுவந்த அரசியல் சட்டத்தின் 18-வது திருத்தம் நிறைவேறியபோது அங்கே உட்கார்ந்திருந்த பெண் ஜெனட் ரான்கின் ஒருவர்தான், மற்ற எல்லாரும் ஆண்கள். 1920 ஜனவரியில் மதுவிலக்கு அமலாகிவிட்டது, நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததோ அந்த வருஷம் ஆகஸ்டில். சில மாநிலங்களில் முன்னாலேயே ஓட்டு இருந்தது, பெண்கள் சங்கம் வைத்துப் போராடியதும் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரசியல்வாதிகளை மிரட்டிக் காரியம் சாதித்தவர் ஆன்டி சலூன் லீக் என்ற மதுக்கடை எதிர்ப்புச் சங்கத்தின் வெய்ன் வீலர் என்ற வக்கீல். அப்புறம் முதல் உலகப்போர். பீர் ஆலைக்காரர்களில் பலர் ஜெர்மன் வம்சாவளி என்பதால் அவர்கள் மேல் இருந்த கோபம். 1913-ல் வருமான வரி வந்தபிறகு மது வரி இல்லாமலும் அரசாங்கத்தை ஓட்டலாம் என்ற தைரியம் வேறு. இதில் ஒன்றுகூட உங்கள் கட்டுரையில் இல்லை.

தொடரின் முதல் பகுதியையாவது கட்டுரையாளர் முழுசாகப் பார்த்தாரா? மதுவிலக்குப் பெண்கள் கூட்டத்தில் கதாநாயகன் நக்கி தாம்சன் கண்ணீர் வரப் பேசிவிட்டு, நேராகச் சரக்கு விற்கும் கணக்கைப் போடப் போகிறான். அந்தக் கூட்டத்தில் கர்ப்பிணியாக உட்கார்ந்திருக்கும் மார்கரெட் புருஷனிடம் அடிவாங்குகிறவள். நக்கி அவள் கையில் கொடுத்த பணத்தையும் புருஷன் சூதாட்டத்தில் தொலைக்கிறான், வீட்டுக்கு வந்து அவளை அடித்துக் கருவையே கலைத்துவிடுகிறான். வேலைவெட்டி இல்லாத பெண் என்று நீங்கள் சொல்வது இவளைத்தானா?

எங்கள் அப்பா மில் தொழிலாளி. சம்பள நாள் சாயங்காலம் அம்மா என்னைத்தான் மில் கேட்டுக்கு அனுப்புவாள், அப்பா சாராயக் கடைப் பக்கம் திரும்புவதற்குள் சம்பளக் கவரை வாங்கிவர. பல மாதம் கவர் என் கைக்கு வரும்போதே கிழிந்திருக்கும். அம்மா ஒன்றும் பேசாமல் அதிலிருந்ததை எண்ணி, பாதியைப் பருப்பு டப்பாவுக்குள் புதைப்பாள். ராத்திரி அந்த டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டால் நாங்கள் யாரும் மூச்சுவிட மாட்டோம். அமெரிக்காவில் தொழிலாளிகள் சம்பளச் செக்கை மதுக்கடையிலேயே மாற்றிக்கொள்வார்கள் என்று படித்தபோது, அந்தப் பெண்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சட்டம் தோற்றது, கள்ளச்சந்தைதான் கொழுத்தது, சரி. அந்தச் சட்டத்தை ஒழிக்கவும் பெண்கள் கிளம்பினார்கள். 1929-ல் பாலின் சபின் அதற்கென்றே ஒரு பெண்கள் அமைப்பைத் தொடங்கினார், 1933 டிசம்பரில் மதுவிலக்கு போயிற்று. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

உங்கள் பத்திரிகையில் தொடர்களைப் பற்றி அக்கறையோடு எழுதிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அட்லாண்டிக் சிட்டி கதையைச் சிகாகோ கதை என்று போடுகிறீர்கள். முதல் பகுதியை மட்டும் இயக்கிய மார்ட்டின் ஸ்கோர்செஸி எல்லாவற்றையும் இயக்கியதாக எழுதுகிறீர்கள், தொடரை உருவாக்கிய டெரன்ஸ் விண்டர் பெயரே இல்லை. இரண்டாம் சீசன் முடிவில் யார் சாகிறார் என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிட்டீர்கள், இனிமேல் பார்க்கப்போகிறவர்களைப் பற்றி ஒரு நிமிஷமாவது நினைத்தீர்களா? இதற்கு முன்னால் நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில்கூட வரவில்லை, ஆனாலும் சந்தாவை நிறுத்த மனசு வரவில்லை.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கதை முடிவைச் சொல்லும் கட்டுரை என்றால் மேலேயே ஒரு எச்சரிக்கை வையுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி